குட்டிசெபலஸ் தவளைக்கு என்ன முறை?



கூர்ப்புப் பாடத்தில் எங்கள் பிள்ளைகள் வழமையாகப் பிழைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அழிந்துபோன ஈரூடகவாழி எதன் படத்தைக் காட்டினாலும் "தவளையின் மூதாதை" என்று எழுதிவிடுவார்கள். புள்ளி போவதைவிட, உறவு என்றால் என்ன என்று விளங்காமல் போவதுதான் எங்களுக்குக் கவலை.

தெலுங்கானாவில், கோதாவரிப் பக்கம், மலேரி என்ற பாறைப்படையில் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மண்டையோடுகள் கிடைத்தன. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த சென்குப்தா 1995இல் அவற்றில் ஒன்றுக்குக் குட்டிசெபலஸ் என்று பெயர் வைத்தார். வகுப்பில் சொன்னால் "குட்டித் தலையா சேர்?" என்று சிரிப்பார்கள். இல்லை, டி. எஸ். குட்டி என்ற புவிச்சரிதவியலாளரின் பெயர் அது.

மலேரியின் கீழ்ப்படையில் இன்னொன்று கிடைத்தது, பாந்தாசோரஸ். இரண்டுக்கும் தட்டையான பெரிய தலை, இரண்டும் நன்னீரில் வாழ்ந்தவை. பார்த்த மாத்திரத்தில் ஒரே குடும்பம் என்றுதான் சொல்வோம். ஆனால் பாந்தாசோரஸின் கண்கள் நன்றாக முன்னுக்கு, மூக்குப் பக்கம் இருக்கின்றன. குட்டிசெபலஸின் குடும்பத்துக்கோ தலையின் பின் மூலைகளில் கொம்பு மாதிரி நீட்டங்கள். பாந்தாசோரஸின் சொந்தங்கள் போலந்து, மொரோக்கோ, அமெரிக்காவில் கிடைக்கின்றன. குட்டிசெபலஸின் சொந்தங்கள் ஆர்ஜென்டீனாவிலும் அவுஸ்திரேலியாவிலும். ஆற்று விலங்கு சமுத்திரம் நீந்திப் போயிருக்காது. அந்த நிலங்கள் அன்று ஒன்றாக இருந்து பிறகு பிரிந்தன. இலங்கையும் அந்த ஒட்டில்தான் இருந்தது. (வவுனியாவில் தோண்டிப் பார்க்க வேண்டாம். எங்கள் கல் அதைவிட மிகப் பழைய, வெந்து உருமாறிய கல்.)

இனித் தவளைக்கு வருவோம். மடகஸ்காரில் கிடைத்த திரையடோபத்திராக்கஸ் சுமார் 25 கோடி ஆண்டு பழையது. அதற்கு அப்போதே தவளைச் சாயல் வந்துவிட்டது. பேரன் பிறந்த பிறகு பிறந்தவர் எப்படிப் பாட்டனாவார்? 1990க்குப் பிறகு புத்தளத்தில் பிறந்த பிள்ளையும், அதற்கு முன் நீராவிப்பிட்டியில் பிறந்த பிள்ளையும் சாச்சா, பெரியப்பா மக்களாக இருப்பார்கள். ஒருவர் மற்றவருக்கு வாப்பா இல்லையே.

தவளையின் வழி, இதே பெருங்குடும்பத்தின் வேறொரு சிறிய உடல் கொண்ட கிளையிலிருந்து வந்தது என்பதே பலருடைய கருத்து. டெக்சாஸில் கிடைத்து 2008இல் அறிவிக்கப்பட்ட ஜெரோபத்திராக்கஸ் அதற்குப் பலம் சேர்த்தது. ஒத்துக்கொள்ளாத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

பிள்ளை வீட்டில் கிளைப்படம் வரைந்தால் ஒருக்கா எட்டிப் பாருங்கள். குட்டிசெபலஸைத் தனிக் கிளையின் நுனியில் வைத்திருக்கிறதா, தவளைக்குக் கீழே அடிமரத்தில் வைத்திருக்கிறதா என்று.