டி.ஜே. ஆகணுமா? பிராங்க்ஸ் வரைக்கும் ஒரு நடை வாங்க!

'நானும் டி.ஜே.தான் பாஸ்!' - காலேஜுக்கு நாலு பேர் இப்படிக் கிளம்பியிருக்காங்க. லேப்டாப் இருக்கு, பெரிய சைஸ் ஹெட்போன் இருக்கு, கண்ணை மூடித் தலையாட்டவும் தெரியும். அப்புறமென்ன, கல்ச்சுரல்ஸ் வந்தா மேடை ஏறிட வேண்டியதுதானே..?

கொஞ்சம் பொறுங்க. நல்ல டி.ஜே.க்கு என்னதான் தெரிஞ்சிருக்கணும்னு கேட்டா, ஆளுக்கு ஒரு லிஸ்ட் வாசிப்பாங்க. நாம ஒரு ஊரையே போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். இன்னிக்கு டி.ஜே.க்கள் செய்யற வித்தைகளில் பாதி, அந்த ஊர்ப் பசங்க கையில காசில்லாம கண்டுபிடிச்சதுதான். நியூயார்க் நகரத்தோட வடக்குப் பகுதி... பேரு பிராங்க்ஸ்!

மன்ஹாட்டனில் 4-ம் நம்பர் சப்வே ரயிலைப் பிடிங்க. ஹார்லெம் ஆற்றுக்கு அடியில புகுந்து வர்ற ரயில், பிராங்க்ஸுக்குள்ள வந்ததும் சட்டுனு தரைக்கு மேலே ஏறிடும். ஜன்னல் வழியா பிரமாண்டமா ஒரு ஸ்டேடியம் தெரியும். அது யாங்கீ ஸ்டேடியம். இப்போதைக்கு அதைப் பார்த்து வெச்சுக்கங்க, திரும்பி வரும்போது அதுக்கு வேலை இருக்கு. அங்கிருந்து மூணாவது ஸ்டேஷன், மவுன்ட் ஈடன் அவென்யூ. இறங்கி மேற்கே ஆற்றுப் பக்கமா நடந்தா நாம தேடி வந்த இடம் வந்துடும்.

1520, செட்ஜ்விக் அவென்யூ!

ஏமாந்துடாதீங்க. தாஜ்மஹால் மாதிரி எதுவும் இருக்காது. நூறு வீடுகளுக்கு மேல இருக்கிற சாதாரண அபார்ட்மென்ட். ஒரு பக்கம் நெடுஞ்சாலையில் வண்டிகள் சர்ரு சர்ருனு பறந்துக்கிட்டே இருக்கும். ஆனா, உலகம் பூரா இருக்கிற ஹிப் ஹாப் ரசிகர்களுக்கு இதுதான் தலம். 'ஹிப் ஹாப் பிறந்த இடம்'னு 2007-ல் நியூயார்க் மாநில அரசே இந்தக் கட்டடத்தை அங்கீகரிச்சது. உள்ளே குடும்பங்கள் குடியிருக்காங்க. அதனால வெளியே நின்னு பார்த்துட்டு, ஒரு போட்டோ எடுத்துட்டு நகர்றதுதான் மரியாதை.

அப்படி என்ன நடந்தது இங்கே?

1973 ஆகஸ்ட் 11. சிண்டி கேம்ப்பெல்னு ஒரு பொண்ணு. லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கப்போகுது, புது டிரெஸ் வாங்கணும். கையில காசு பத்தலை. என்ன செய்யலாம்? கீழே இருந்த பொழுதுபோக்கு அறையை வாடகைக்குப் பிடிச்சு ஒரு பார்ட்டி வெச்சா? கையாலேயே எழுதின அழைப்பு அட்டைகள் ரெடி. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட் டிக்கெட். பாட்டுப் போட ஆள் வேணுமே... வீட்டுலயே இருக்காரே அண்ணன்! 18 வயசு கிளைவ் கேம்ப்பெல். நல்ல உயரம், வாட்டசாட்டம். அதனால கூட்டாளிங்க வெச்ச பேரு ஹெர்குலிஸ். அது சுருங்கி, 'டி.ஜே. கூல் ஹெர்க்'!

இந்த வீட்டு வாசல்ல நின்னுதான் முதல் பாடத்தைப் படிக்கணும்.

கண்ணுதான் முதல்ல... கை அப்புறம்!

நியூயார்க்கில் டிஸ்கோத்தேக்களும் டி.ஜே.க்களும் அதுக்கு முன்னாடியே உண்டு. ஆனா, ஹெர்க் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போது சிலர் ஆடாம ஓரமா நிப்பாங்க. பாட்டு நடுவுல பாடகர் சத்தமெல்லாம் அடங்கி, டிரம்ஸ் மட்டும் தனியா அதிர்ற இடம் வரும். அதுக்குப் பேரு 'பிரேக்'. அது வந்ததும் ஓரமா நின்னவங்க எல்லாம் நடுவுல குதிச்சு ஆட்டம் போடுவாங்க. பாவம், அது சில விநாடிகள்தான். முடிஞ்சதும் மறுபடி ஓரத்துக்குப் போயிடுவாங்க.

'இவங்க இதுக்குத்தானே காத்திருக்காங்க? இதையே நீட்டிட்டா என்ன?'

ரெண்டு டர்ன்டேபிள், ரெண்டுலயும் ஒரே இசைத்தட்டு. ஒண்ணுல பிரேக் முடியற நேரத்துல இன்னொண்ணுல அதே பிரேக் ஆரம்பிக்கும். இது முடியறதுக்குள்ள அதைப் பின்னாடி கொண்டுபோய் வெச்சுடுவார். சில விநாடி ஆட்டம், நிமிஷக் கணக்கா நீண்டுச்சு. ஒரு பிரேக்கிலிருந்து அடுத்த பாட்டோட பிரேக், அதிலிருந்து இன்னொரு பாட்டோட பிரேக்குன்னு தாவற வித்தைக்கு அவர் வெச்ச பேரு 'மெர்ரி கோ ரவுண்ட்'. நம்ம ஊர்த் திருவிழா குடை ராட்டினம்தான்! அந்த பிரேக்குக்குன்னே ஆடினவங்கதான் 'பி-பாய்', 'பி-கேர்ள்'. பிரேக் டான்ஸ்ங்கிற பேரு வந்த வழி இதுதான்.

ஹெர்க் பிறந்தது ஜமைக்காவில். பெரிய பெரிய ஸ்பீக்கர்களைத் தெருவுல அடுக்கி ஊரையே ஆட வைக்கிற 'சவுண்ட் சிஸ்டம்' கலாசாரத்தைப் பார்த்து வளர்ந்தவர். ஆரம்பத்துல ரெக்கே பாட்டுப் போட்டுப் பார்த்தார். பிராங்க்ஸ் கூட்டம் அசையலை. 'எனக்குப் பிடிச்சது இது, நீங்க ஆடித்தான் ஆகணும்'னு அவர் அடம் பிடிக்கலை. ஜேம்ஸ் பிரவுன் மாதிரியான ஃபங்க் இசைக்கு மாறினார். கூட்டம் அதிர்ந்துச்சு. தனக்குப் பிடிச்ச பாட்டு வேற, இந்த நிமிஷத்துக்கு வேணுங்கிற பாட்டு வேற... இந்த வித்தியாசம் தெரிஞ்சவர்தான் டி.ஜே.

இன்னொரு சுவாரஸ்யம். தான் போடற பாட்டு என்னன்னு போட்டி டி.ஜே.க்களுக்குத் தெரியக்கூடாதுன்னு, இசைத்தட்டு மேல ஒட்டியிருக்கிற லேபிளைத் தண்ணியில ஊற வெச்சு உரிச்சிடுவாராம்! கில்லாடித்தனம்தான். ஆனா, விஷயம் என்ன? எல்லார்கிட்டயும் இருக்கிற பாட்டையே போட்டா நீங்க எதுக்கு? யாரும் கேட்காததைத் தேடிப் பிடிச்சு வெச்சிருக்கணும். ஹார்ட் டிஸ்க் நிறைய பாட்டு இருந்தா பத்தாது, ஒவ்வொண்ணும் மனப்பாடமா தெரியணும்.

லைட் கம்பத்துல கரன்ட்!

அங்கிருந்து வடக்கே நடந்தா செடார் பிளேகிரவுண்ட். பசங்க விளையாடற சின்ன மைதானம். அபார்ட்மென்ட் அறை பத்தாமப் போனதும் ஹெர்க் வந்து சேர்ந்த இடம் இதுதான். கரன்ட்டுக்கு என்ன செய்யறது? தெருவிளக்குக் கம்பத்திலிருந்தே ஒயர் இழுத்தாச்சு!

இதைப் படிச்சுட்டு நீங்க கம்பத்துல கை வெச்சிடாதீங்க, ஷாக் அடிக்கும். சொல்ல வந்தது வேற. அந்த நாட்களில் பிராங்க்ஸ் கிடந்த கிடப்பு அப்படி. கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வேங்கிற நெடுஞ்சாலைக்காக ஆயிரக்கணக்கானவங்க வீட்டைக் காலி பண்ண வெச்சாங்க. 1970-களில் தெரு தெருவா கட்டடங்கள் தீப்பிடிச்சு எரிஞ்சுச்சு. வேலை இல்லை, கேங் சண்டை வேற. புது வாத்தியம் வாங்க அந்தப் பசங்ககிட்ட காசு ஏது? வீட்டுல இருந்த பழைய இசைத்தட்டுகளையும் பிளேயரையுமே வாத்தியம் ஆக்கினாங்க.

ஹெர்க்கோட ஸ்பீக்கர் செட்டுன்னா அந்த ஏரியாவே பயப்படும். அவ்வளவு கனமான சத்தம். சத்தம்னா வெறும் அலறல் இல்லை. பேஸ் நெஞ்சுல இடிக்கணும், ஆனா காது கிழியக் கூடாது. நிகழ்ச்சிக்கு முன்னாடியே போய் ஒயரைச் சரிபார்த்து, ஹாலோட நாலு மூலையிலயும் நின்னு கேட்டுப் பார்க்கிறவர்தான் நல்ல டி.ஜே. மீட்டர்ல சிவப்பு விளக்கு எரியற வரைக்கும் ஏத்தறவர் ஸ்பீக்கருக்கு எமன்!

அழுத மாஸ்டர்!

அடுத்த ஆளைப் பார்க்கத் தெற்கு பிராங்க்ஸுக்கு வரணும். ஜோசப் சாட்லர்னா யாருக்கும் தெரியாது. 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ்'னா உலகத்துக்கே தெரியும். பார்படோஸில் பிறந்து இங்கே வளர்ந்தவர். சாமுவேல் காம்பர்ஸ் தொழிற்கல்விப் பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படிச்ச பையன்.

ஹெர்க் முள்ளை ஒரு குத்துமதிப்பாத்தான் வெப்பார். ஒரு பாட்டிலிருந்து இன்னொண்ணுக்குப் போகும்போது தாளம் லேசா தடுக்கும். ஃப்ளாஷுக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரூமுக்குள்ளயே உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணினார். இசைத்தட்டு மேல கிரேயானால கோடு போட்டு, கடிகார முள் மாதிரி எத்தனை சுத்து பின்னாடி திருப்பணும்னு கணக்கு வெச்சார். தட்டு வழுக்கிச் சுத்தறதுக்காக கம்பளித் துணியை வட்டமா வெட்டி, கஞ்சி போட்டு அயர்ன் பண்ணி அடியில வெச்சார். அடுத்த பாட்டை ஹெட்போன்ல முதல்லயே கேட்டுப் பார்க்க, தானே சர்க்யூட் செஞ்சார். தாளம் பிசிறில்லாம ஒட்டுச்சு. சபாஷ்!

பெருமையா கூட்டத்துக்கு முன்னாடி செஞ்சு காட்டினார். என்ன ஆச்சு தெரியுமா?

யாரும் ஆடலை. அவர் கையையே வேடிக்கை பார்த்துக்கிட்டு சும்மா நின்னாங்க. வீட்டுக்குப் போய் அழுதேன்னு அவரே பின்னாளில் சொல்லியிருக்கார்.

பிராங்க்ஸ் டூர்ல ரொம்ப முக்கியமான இடம் இதுதான். வித்தை சுத்தமா இருந்துச்சு, ஆனா பார்ட்டி படுத்துடுச்சு. ஃப்ளாஷ் வித்தையைக் கைவிடலை. மைக் பிடிச்சுக் கூட்டத்தை உசுப்பேத்தற ஆட்களைப் பக்கத்துல சேர்த்துக்கிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஃபியூரியஸ் ஃபைவ்' குழு. 2007-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைஞ்ச முதல் ஹிப் ஹாப் குழு இவங்கதான். அன்னிக்கு அழுத பையன்தான் அதோட தலை!

அம்மா கதவைத் தட்டினாங்க!

'ஜிக்கி ஜிக்கி'ன்னு ஸ்கிராட்ச் பண்றீங்களே, அதுக்கு ஒரு அம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும். 1970-களின் நடுவுல, இதே பிராங்க்ஸில் தியோடர் லிவிங்ஸ்டன்னு ஒரு பொடியன். வயசு 12, 13 இருக்கும். ரூமுக்குள்ள பாட்டை அலற விட்டுக்கிட்டு இருந்தான். 'சத்தத்தைக் குறை!'ன்னு அம்மா வந்து நின்னாங்க. அவங்க பேசறதைக் கேட்கிறதுக்காக தட்டைக் கையால பிடிச்சு நிறுத்தினான். அப்போ கை லேசா முன்னும் பின்னும் ஆட, ஒரு விசித்திர சத்தம். அம்மா போனதும் அதையே திரும்பத் திரும்பச் செஞ்சு பார்த்தான். உடனே மேடையில காட்டலை. மாசக்கணக்கா பயிற்சி பண்ணி, சத்தம் கைவசம் ஆன பிறகுதான் வெளியே கொண்டு வந்தான். அவர்தான் 'கிராண்ட் விஸார்ட் தியோடர்'. தற்செயலா கிடைச்சது ஒரு நிமிஷம், பழகினது பல மாசம். கணக்கு அவ்வளவுதான்.

சரி, நாம எங்கே ஆரம்பிக்கிறது?

எண்ணிப் பழகுங்க. பெரும்பாலான டான்ஸ் பாட்டு நாலு நாலு தட்டா ஓடும். எட்டு நாலு, 32. புது விஷயம் ஏதாவது பாட்டுக்குள்ள நுழையறது பெரும்பாலும் அந்த 32 முடிஞ்சுதான். அங்கேதான் அடுத்த பாட்டை உள்ளே விடணும். நிமிஷத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டை 126 தட்டு உள்ள பாட்டோட சேர்க்கணும்னா, முதல் பாட்டை 5 சதவிகிதம் வேகமாக்கணும். 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே.2 டர்ன்டேபிளில் இதுக்குன்னே ஒரு நீளமான ஸ்லைடர் இருந்துச்சு. 8 சதவிகிதம் வரைக்கும் கூட்டலாம், குறைக்கலாம். ரெண்டு பாட்டோட பேஸையும் ஒரே நேரத்துல ஏத்தி விடாதீங்க. ஒண்ணை இறக்கிட்டு இன்னொண்ணை ஏத்துங்க. இல்லேன்னா கொழகொழன்னு ஆகிடும்.

'இதெல்லாம் எதுக்கு பாஸ்? ஸிங்க் பட்டனைத் தட்டினா சாஃப்ட்வேரே சேர்த்துடுதே!' நியாயமான கேள்வி. சேர்த்துடும். ஃப்ளாஷ் ரூமுக்குள்ள கிடந்து சாதிச்சதை அது ஒரே விநாடியில செஞ்சுடும். ஆனா, ஓரமா நிக்கிற அந்தப் பத்துப் பேர் எதுக்குக் காத்திருக்காங்கன்னு அந்த பட்டனுக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்க ஸ்கிரீனிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்க்கணும். ராத்திரி எட்டு மணிக்கே எல்லா ஹிட்டையும் கொட்டிட்டா பத்து மணிக்கு என்ன போடுவீங்க? உங்களுக்கு அப்புறம் இன்னொரு டி.ஜே. ஏறப்போறார்னா கூட்டத்தைச் சூடாக்கி அவர் கையில கொடுக்கணும், கருக்கிக் கொடுக்கக் கூடாது.

திரும்பி வர்ற ரயில்ல...

மறுபடி 4-ம் நம்பர் ரயில். ஜன்னல்ல அதே யாங்கீ ஸ்டேடியம். 2023 ஆகஸ்ட் 11-ந் தேதி, சிண்டி பார்ட்டியோட சரியான 50-வது பிறந்தநாளை இங்கேதான் பிரமாண்டக் கச்சேரியா கொண்டாடினாங்க. 25 சென்ட் டிக்கெட்டுல ஆரம்பிச்சது, ஸ்டேடியம் அளவுக்கு வளர்ந்துடுச்சு.

ஆனா இந்தக் கதையில ஒரு முள்ளும் இருக்கு. ஹெர்க் பெரிய ஆல்பம் எதுவும் போட்டுச் சம்பாதிச்சவர் இல்லை. 1977-ல் ஒரு பார்ட்டியில சண்டையை விலக்கப் போய்க் கத்திக்குத்து வாங்கினார். அதுக்கப்புறம் மெள்ள ஒதுங்கிட்டார். 2011-ல் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் இல்லாமக் கஷ்டப்பட்டப்போ ரசிகர்கள் கை கொடுத்தாங்க. 2023-ல்தான் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைக் கூப்பிட்டுக் கௌரவிச்சது. தங்கச்சி டிரெஸ் வாங்கணுமேன்னு பாட்டுப் போட்ட அண்ணனுக்கு மரியாதை வந்து சேர அரை நூற்றாண்டு ஆச்சு.

அதனால, அடுத்த கல்ச்சுரல்ஸ்ல நீங்க ஹெட்போனை மாட்டும்போது ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து, ஹாலோட ஓரத்தைப் பாருங்க. சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டு யாராவது நிப்பாங்க. அவங்களை ஆட வெச்சுட்டீங்கன்னா... நீங்க டி.ஜே.தான் பாஸ், சந்தேகமே இல்லை!