கறுப்பின் மேல் ஒரு புகார்

பாரிஸில் நான் தங்கிய வீடு லா ஷப்பெல் பகுதியில் இருந்தது. கீழே இறங்கினால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், கறிவேப்பிலைக் கட்டு, நகைக்கடை. ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை. மூன்றாம் நாள் காலை அக்கா மகள் கேட்டாள்: "மாமா, இன்னைக்கு ஈபிள் டவரா, லூவ்ரா?"

"கோப்லேன்" என்றேன்.

எட்டு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாள். அந்தப் பெயரில் ஒரு மெட்ரோ ஸ்டேஷன் உண்டு என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். "அங்க என்ன மாமா இருக்கு?"

"பழைய சாயப்பட்டறை."

தலையில் அடித்துக்கொண்டாள். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் லேப் பார்த்தவன், லீவு போட்டுக் கடல் தாண்டி வந்து இன்னொரு சாயப்பட்டறை பார்க்கிறேன் என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்கு அதில் ஒரு பழைய கணக்கு இருந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆர்டர் வந்தது. பளிச்சென்ற நீல பனியன், கழுத்துக்கும் கைக்கும் கறுப்பு ரிப். பருத்தியில் கறுப்பு என்று நாங்கள் சொல்வது தனிச் சாயம் இல்லை. பெரும்பாலும் கருநீலத்தோடு ஆரஞ்சும் சிவப்பும் சேர்ந்த கூட்டு. பையர் பார்க்க முதலில் அனுப்பும் மாதிரித் துணி, அதாவது லேப் டிப், பாஸ் ஆனது. லாட் முடிந்ததும் நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோவில் வைத்தேன். கேட்ட நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசம், அதாவது டெல்டா ஈ, 0.6. பையர் கொடுத்திருந்த எல்லை 1. நிம்மதியாக அனுப்பினோம். தைத்த பிறகு சரக்கு திரும்பியது: "கறுப்பு பழுப்படிக்கிறது." ரிப்பை அறுத்து, ஆரஞ்சைக் குறைத்து இன்னொரு லாட் போட்டோம். அதற்கும் அதே பதில். எங்கள் டையிங் மாஸ்டர் லைட் பாக்ஸ் முன்னால் நின்று கேட்டார்: "ஏங்கண்ணு, மெசினு பாஸுங்குது, பையரு ஃபெயிலுங்கறான். நான் ஆரு பேச்சக் கேக்கறது?"

என்னிடம் பதில் இல்லை. நஷ்டம் பட்டறைக்கு. அந்தச் சமயத்தில் படித்த ஒரு தொழில் புத்தகத்தில்தான் ஷெவ்ரல் என்ற பெயரும், அவர் வேலை பார்த்த இடம் கோப்லேன் என்பதும் கண்ணில் பட்டன.

ஸ்தாலின்கிராத்தில் 7ஆம் தடத்துக்கு மாறி, லே கோப்லேன் நிலையத்தில் இறங்கி மேலே வந்தோம். நேரே வாசலுக்குப் போகாமல் பின்பக்கத் தெருவுக்கு அவளை இழுத்துப் போனேன். தெரு நேராக ஓடாமல் வளைந்து போகிறது. காரணம், அது ஒரு காலத்தில் ஆறு. பியேவ்ர் என்று பெயர். 15ஆம் நூற்றாண்டில் ழான் கோப்லேன் என்ற சாயக்காரர் அதன் கரையில் பட்டறை போட்டார். அவர் வம்சத்தின் பெயரே இடத்துக்கும் நின்றுவிட்டது. பின்னால் சாயக்காரர்களும் தோல் பதனிடுகிறவர்களும் கொட்டிக் கொட்டி ஆறு நாறிப்போனது. 1912இல் பாரிஸுக்குள் மிச்சம் இருந்ததையும் மூடிவிட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் எங்கள் பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டபோது, எங்கள் ஊர் நொய்யல் ஆற்றுப் பாலத்தில் நின்று நிறம் மாறிய தண்ணீரைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நொய்யலையாவது இன்னும் கண்ணால் பார்க்க முடிகிறது. இங்கே ஆற்றின் மேல் கார் நிறுத்தியிருக்கிறார்கள்.

உள்ளே கல் பாவிய முற்றம். 1662இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் இந்த இடத்தை அரசுக்கு வாங்கி, அரண்மனைகளுக்கான சுவர்த்திரைகள் நெய்யும் கூடமாக்கினார். இன்றும் அரசாங்கக் கூடம்தான், இன்றும் நெய்கிறார்கள். வழிகாட்டிப் பெண்மணி எங்களைத் தறி முன்னால் நிறுத்தியபோது, தறி எது, துணி எது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

பாவு தரையிலிருந்து கூரையை நோக்கிச் செங்குத்தாக நிற்கிறது. நெசவாளர் துணியின் முன்பக்கம் உட்காரவில்லை. பின்பக்கம் உட்கார்ந்து, நூல் முனைகள் தொங்கும் புறத்தில் நெய்கிறார். முன்பக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க, பாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி. இழைகளை விலக்கி அதில் எட்டிப் பார்க்கிறார், மறுபடி குனிகிறார். கையில் கூர்முனை வைத்த சின்ன மரக்குச்சி, அதில் கம்பளி நூல். அந்த நூலை உற்றுப் பார்த்தேன். தூரத்திலிருந்து சாம்பல் பூத்த பச்சையாகத் தெரிந்தது. கிட்டத்தில் ஒரே குச்சியில் மூன்று இழை: ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று ஏறக்குறைய காவி. சாயத் தொட்டியில் கலக்காத நிறத்தை நம் கண்ணில் கலக்கவைக்கிறார்கள். ஒரு ஆள் வருஷம் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு சதுர மீட்டர் அளவுக்குத்தான் முடியும் என்றார் வழிகாட்டி. ராத்திரியோடு ராத்திரியாக டன் கணக்கில் இறக்கிப் பழகியவனுக்கு அதைக் கேட்டு வாயே அடைத்துவிட்டது.

இந்தக் கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக 1824இல் மிஷேல் யூஜேன் ஷெவ்ரலை நியமித்தார்கள். வேதியியல்காரர். கொழுப்பை ஆராய்ந்து பெயர் வாங்கியவர். பதவி ஏற்றதும் அவர் மேசைக்கு வந்தவற்றில் ஒன்று நெசவாளர்களின் புகார்: நீலத் துணியும் ஊதாத் துணியும் மடியும் இடத்தில் நிழலுக்காக நெய்யும் கறுப்பில் வலு இல்லை, சாயம் சரியில்லை.

அவர் செய்ததை ஒவ்வொரு லேப் காரனும் மனப்பாடம் செய்ய வேண்டும். முதலில் தன் சாயத்தைச் சந்தேகப்பட்டார். லண்டன், வியன்னா உட்படப் பேர்பெற்ற பட்டறைகளின் கறுப்புக் கம்பளியை வரவழைத்துத் தங்கள் கறுப்போடு வைத்துப் பார்த்தார். தங்களுடையது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. அப்படியானால் குறை எங்கே? கறுப்புக்குப் பக்கத்தில் இருந்த நீலத்தில். நீலத்தை ஒட்டி வைத்த கறுப்பின் மேல், நீலத்துக்கு எதிர்நிறமான ஆரஞ்சுச் சாயலைக் கண்ணே பூசிவிடுகிறது. கறுப்பு அங்கே பழுப்பேறி, வெளிறித்தான் தெரியும்.

முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து, 1839இல் ஷெவ்ரல் வெளியிட்ட நிற முரண் பற்றிய புத்தகத்தை அக்கா மகள் ஃபோனில் தேடி எடுத்தாள். பிரெஞ்சில் ஓட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிமிர்ந்தாள். "மாமா, இது உங்க கதை."

துணி வியாபாரிகள் சிலர் சிவப்பு, ஊதா, நீலத் துணிகளைக் கொடுத்துக் கறுப்புப் பூ அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு வந்ததும் சண்டை. சிவப்புத் துணியில் பூ பச்சையாக இருக்கிறதாம், ஊதாவில் பச்சை கலந்த மஞ்சளாம், நீலத்தில் செம்பு நிறமாம். ஷெவ்ரல் வெள்ளைக் காகிதத்தில் பூவின் வடிவத்துக்கு ஓட்டை வெட்டி, தரைநிறம் தெரியாதபடி மேலே வைத்தார். எல்லாத் துணியிலும் ஒரே கறுப்பு.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. நீலத்தின் மேல் கறுப்பு செம்படிக்கிறது என்ற புகார் 1839லேயே அச்சாகிவிட்டது. நான் அதே புகாருக்குச் சில நூறு கிலோ ரிப்பை மறுபடி தொட்டியில் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஸ்பெக்ட்ரோ பொய் சொல்லவில்லை. அது செய்வது இவ்வளவுதான்: துணியின் மேல் வெளிச்சம் போட்டு, 400 முதல் 700 நானோமீட்டர் வரை பத்துப் பத்தாக 31 இடங்களில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று எண்ணுகிறது. அந்த எண்களிலிருந்து டெல்டா ஈ வருகிறது. ஆனால் மெஷினின் வட்டத் துளைக்கு முன்னால் கறுப்பை மட்டும்தான் வைக்கிறோம். பக்கத்து நீலம் அதற்குத் தெரியாது. பையர் பார்ப்பதோ பனியனை. மெஷினும் சரி, பையரும் சரி. லேப் டிப்பைத் தனியாக அனுப்பிய நான்தான் தப்பு.

ஷெவ்ரல் அதோடு நிற்கவில்லை. நிறத்துக்கு முகவரி வேண்டும் என்று 72 சாயல்களை வட்டமாக அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை 20 படிகள். பிறகு கறுப்புக் கலந்து மங்கவைத்த வட்டங்கள். மொத்தம் 14,400 நிறங்கள், தனியாக 20 சாம்பல் படிகள். நிறத்தை எண்ணால் குறிக்க 1976இல் வந்த சீலேப் முறையைத்தான் இன்று நாங்கள் கணினியில் வைத்திருக்கிறோம். நிறத்துக்கு எண் கொடுக்கும் ஆசை அதைவிட எத்தனையோ பழசு.

சாயங்காலம் அவள் மனசு நோகக்கூடாது என்று ஈபிள் கோபுரத்துக்கும் போனோம். முதல் தளத்துக்குக் கீழே சுற்றிலும் 72 பிரெஞ்சு அறிஞர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அதில் ஷெவ்ரலும் ஒருவர். 1889 மார்ச் 31இல் கோபுரம் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இருந்தார். ஒன்பது நாள் கழித்து, 102 வயதில் காலமானார். "உங்க சாயக்காரரை இங்கயும் விடலியா மாமா" என்றாள்.

ஊர் திரும்பியதும் லைட் பாக்ஸ் பக்கத்தில் ஓட்டை போட்ட வெள்ளை அட்டை ஒன்றை ஆணியில் மாட்டினேன். புகார் வந்தால் முதலில் அட்டை, பிறகுதான் தொட்டி. இரண்டு நிறம் சேரும் ஆர்டருக்கு இரண்டு துணியையும் ஒன்றாகத் தைத்துத்தான் லேப் டிப் அனுப்புகிறோம். நீலத்தோடு போகும் கறுப்பில் நீலத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறோம். மாஸ்டருக்கு அட்டையைக் காட்டினேன். ஓட்டை வழியாக ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத்தன வருஷம் இது தெரியாமப் போச்சே கண்ணு" என்றார்.

துணித் தொழிலில் இல்லாதவர்களுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரியான 14 சிவப்புத் துணிகளை அடுத்தடுத்து விரித்துக் காட்டினால், கடைசி ஆறேழு மட்டமாகத் தெரியும் என்கிறார் ஷெவ்ரல். நடுவில் ஒரு பச்சையைக் காட்டினால் கண் பழைய நிலைக்கு வரும். பட்டுக் கடையில் பாயில் உட்கார்ந்து அரக்குச் சிவப்பாகவே பிரிக்கச் சொல்லிப் பார்க்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பச்சைப் புடவையைப் பிரிக்கச் சொல்லுங்கள். ப்ளவுஸ் துணி எடுக்கப் போகும்போது புடவையைக் கையோடு கொண்டு போங்கள், கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒட்டி வைத்துப் பாருங்கள்.