பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போறீங்களா? அனுபவப்பட்ட ஒரு டாக்டர் சொல்றேன்

1) மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மழைக்கால ராத்திரி. கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் அப்பா ரெண்டு மணிக்கு எழுந்து கொல்லைப்புறக் கழிவறைக்குப் போயிருக்கிறார். முற்றத்துப் படியில் கால் வழுக்கி விழுந்துட்டார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிவு. அப்போது அவருக்கு வயது 76.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா வார்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "இனிமே அந்த வீட்டை வித்துடுவியாடா?"

2) விற்கவில்லை. ஆனால் புதுப்பிக்கிறேன் என்று நான் செய்த முதல் வேலையே தப்பு. நீங்களும் அதைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்த இழை.

சுவரில் ஈரம் ஏறி, உப்புப் பூத்து, காரை உதிர்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினேன். அதுக்கு மேலே பளபளன்னு பெயிண்ட். பார்க்கிறதுக்கு புது வீடு மாதிரி இருந்துச்சு.

ஒரே மழைக்காலம். முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கும் அம்மாவுக்கு இளைப்பு அதிகமாகி, இன்ஹேலர் டோஸைக் கூட்ட வேண்டியதாகிவிட்டது.

3) ஒரு வயதான கொத்தனார் வந்து பார்த்தார். சுவரைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "செவுத்துக்கு வேர்க்குது தம்பி. நீங்க மழைக்கோட்டு மாட்டி விட்டுருக்கீங்க."

விஷயம் அவ்வளவுதான். அந்தக் காலத்துச் செங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதைக் காற்றில் விட்டும்விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் மேலே ஏறுகிறது. அதோடு வரும் உப்பு உள்ளேயே படிகமாகி செங்கல்லையே பொரித்துவிடுகிறது.

4) அவர் அடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது முற்றத்துத் தூம்பை. இலையும் மண்ணும் அடைத்து, மழைத்தண்ணீர் வெளியே போகாமல் சுவர் அடியில் தேங்கியிருந்தது.

காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை எழுதக்கூடாது என்று ஊருக்குச் சொல்கிற நான், இங்கே அதைத்தான் செய்திருக்கிறேன்! தூம்பைச் சுத்தம் செய்ய ஒரு நாள் கூலிதான் ஆச்சு.

5) அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: கூரை, தண்ணீர் வடிகால், கரண்ட், கழிவறை, சுவர். பெயிண்ட் கடைசியில்.

கூரை மெட்ராஸ் டெரஸ் என்றால், உத்திரமும் கட்டைகளும் சுவருக்குள் போகும் முனையைக் குத்திப் பாருங்கள். நடுவில் இரும்பு மாதிரி இருக்கும் தேக்கு, முனையில் ஈரத்தாலும் கரையானாலும் உளுத்துப் போயிருக்கலாம்.

6) கரண்ட். பழைய வீடுகளில் ரெண்டு ஒயர்தான் ஓடும், எர்த் இருக்காது. எம்.சி.பி. போட்டாச்சு, போதும் என்று நினைக்காதீர்கள். அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஷாக் அடித்தால் ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். முறையான எர்த்தும் வேண்டும். ஈரச் சுவர் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப் போடவே போடாதீங்க.

7) பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துத் தேயுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்க வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால் "சின்னக் காயம்தானே" என்று விடாமல், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

8) இது ரொம்ப முக்கியம். சிமெண்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பு பூச ஏற்பாடு செய்தோம். சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும். கல்லைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும், கல் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கண்ணாடி கட்டாயம்.

சித்தாளாக வந்த ஒரு அக்கா கண்ணாடியைக் கழற்றிய ஒரு நிமிஷத்தில் கண்ணில் தெறித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் "தாய்ப்பால் விடுங்க, விளக்கெண்ணெய் விடுங்க" என்றார்கள். நான் அவரைக் குழாயடியில் உட்கார வைத்து, இமையைப் பிரித்துப் பிடித்து, அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்தோம். பார்வை தப்பியது.

சுண்ணாம்பு காரம். கண்ணை உள்ளே அரித்துக்கொண்டே போகும். முதலில் தண்ணீர், பிறகுதான் ஆஸ்பத்திரி. மறந்துடாதீங்க.

9) அப்பாவுக்காகச் செய்தவை: படுக்கையறையை ஒட்டியே கழிவறை. பிடித்து எழ, சுவரில் கைப்பிடிக் கம்பி. முற்றத்துப் படிகளின் ஓரத்தில் சொரசொரப்பான பட்டை. ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு. மொத்தச் செலவில் இது சொற்பம். இதை மட்டும் முன்னாடியே செய்திருந்தால் அவர் விழுந்திருக்கவே மாட்டார். டாக்டரான எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. பொங்கலுக்குப் போவேன், போட்டோ எடுப்பேன், திரும்பி வந்துடுவேன். அதுதான் உண்மை.

10) இப்போது சுவர் முழுக்கக் காயவில்லை, இன்னும் ஒரு கோடை ஆகும் என்கிறார் கொத்தனார். அம்மாவின் இளைப்பு குறைந்திருக்கிறது. அப்பா வாக்கர் பிடித்துத் திண்ணை வரைக்கும் வருகிறார். தெருவில் போகிற எல்லாரையும் நிறுத்திச் சுவரைக் காட்டுகிறார்.

வீட்டைப் புதுப்பிக்க உங்களிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பா அம்மா படுக்கையிலிருந்து கழிவறை வரைக்கும் ராத்திரி ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள். எங்கே கால் தட்டுகிறதோ, எங்கே இருட்டாக இருக்கிறதோ, அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.