மங்கல் கண்ணாடியில் ஒரு முகம்

நான்குக்கு ஐந்து, எட்டுக்குப் பத்து அங்குல அளவுகளில் தனித்தனிப் பிலிம் தாள் இட்டுப் படமெடுக்கும் பெரிய காமிராக்கள் இன்றும் சிலரிடம் வழக்கில் உள்ளன. சில ஆண்டுகளாக நாமும் அத்தகைய ஒன்றோடு பழகி வருகிறோம்.

கருந்துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு நோக்கினால், பின்புறத்து மங்கல் கண்ணாடியில் காட்சி தலைகீழாகவும் இடவலம் மாறியும் தோன்றும். லென்சின் துவாரத்தை முழுவதும் திறந்து, உருப்பெருக்கியைக் கண்ணாடிமேல் ஊன்றி, துருத்தியை நீட்டியும் சுருக்கியும் கூர்மையைக் கண்டறிய வேண்டும்.

அருகிலுள்ள புல்லும் தொலைவிலுள்ள மலையும் ஒருங்கே தெளிவாக வேண்டுமெனில், துவாரத்தைச் சுருக்குவது ஒரு வழி. 1932-இல் கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் தம் குழுவுக்கு 'எஃப் 64' என்னும் மிகச் சிறிய துவாரத்தின் பெயரையே சூட்டினர். ஆயினும் துவாரம் சிறுத்தால் ஒளி குறையும், நேரம் நீளும், காற்றில் புல் அசைந்துவிடும்.

மற்றொரு வழி, லென்சைச் சில பாகை முன்னோக்கிச் சாய்ப்பது. லென்ஸ், பிலிம், காட்சி ஆகிய மூன்றின் தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்குமானால், காட்சியின் தளம் முழுவதும் கூர்மை பெறும். வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்த முயன்ற ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக், 1904-இல் தமது காப்புரிமை ஆவணத்தில் விளக்கிய விதி இது. ஆனால் அத்தளத்திற்கு மேலே உயர்ந்து நிற்கும் மரத்தின் உச்சி மங்கிப்போகும். எதைத் தெளிவாக்குவது, எதை விட்டுவிடுவது என்பதை எடுப்பவர் முன்னமே தீர்மானித்தாக வேண்டும்.

முகத்தைப் படமெடுக்கையில் இத்தீர்மானம் இன்னும் கடினமாகிறது. சென்ற ஆண்டு, எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டியைப் படமெடுக்குமாறு அவருடைய மகள் நம்மிடம் வேண்டினார். வீட்டில் அவருடைய நல்ல படம் ஒன்றுகூட இல்லை. முகத்தருகே கூர்மையின் ஆழம் ஓரிரு அங்குலமே; அவர் தலையோ முதுமையால் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கண்களைக் கூர்மையாக்கிய பின், லென்சிலிருந்து அவர் மூக்கின் நுனிவரை ஒரு நூலைப் பிடித்து அளந்து வைத்துக்கொண்டோம்.

பிலிம் பெட்டியைச் செருகியதும் கண்ணாடியில் பிம்பம் மறைந்துவிடும். படம் பதியும் கணத்தில் எடுப்பவருக்கு அது தெரிவதில்லை. ஆகவே துணியைவிட்டு வெளியே வந்து, நூலால் தூரத்தை மீண்டும் சரிபார்த்து, நூலை விலக்கி, காமிராவின் அருகில் நின்று அவரை நேருக்கு நேர் பார்த்தோம். தலையின் ஆட்டம் ஒரு கணம் அடங்கியது, விசையை அழுத்தினோம்.

படத்தில் காதுகளும் சேலைத் தலைப்பும் மங்கியிருந்தன. கண்ணிமை மயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மகள் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா என்னையே பார்க்கிற மாதிரி இருக்கு, சாமி" என்றார்.