இரண்டு பேருக்குக் கால் கிலோ

"சமையல் யாருக்கும் வந்துடும். அளவுதான் லேசில் வராது" என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார். ஒன்பது பேர் சாப்பிடுகிற வீட்டில், கண்ணை மூடிக்கொண்டு அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போது அது விளங்கவில்லை. நாற்பத்தேழு வயதில், ஒரு சட்டி இறாலை வைத்துக்கொண்டுதான் விளங்கியது!

கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. பத்தாவது வரைதான் படிப்பு. மாமா, அத்தை, கொழுந்தனார் இரண்டு பேர், நாத்தனார், நாங்கள் இரண்டு பேர், பிறகு என் குழந்தைகள் இரண்டு என்று வீடு நிறைய ஆள். எங்கள் ஊரிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து ஐஸில் போட்டு வருவதுதான் எங்களுக்குக் கடல் மீன். இல்லாவிட்டால், 1958-ல் தென்பெண்ணையாற்றில் கட்டி முடித்த சாத்தனூர் அணையின் கெண்டையும் ஜிலேபியும். பௌர்ணமி, பிரதோஷம், கார்த்திகை தீபத்தின் பத்து நாள் இவற்றில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆகவே மீன் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால் அது ஒரு பண்டிகைதான். இரண்டு கிலோவுக்குக் குறைந்து நான் வாங்கியதே இல்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கொழுந்தனார்கள் தனிக்குடித்தனம் போனார்கள். நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தோம். மாமாவும் அத்தையும் அடுத்தடுத்துக் காலமானார்கள். பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டல். போன வருஷம் பெண்ணுக்கும் கல்யாணமாகி, மாப்பிள்ளையோடு அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் நானும் இவரும்தான். ஆனால் என் கைக்கு மட்டும் அது தெரியவே இல்லை. குக்கரில் அரிசி அதே அளவுதான். ராத்திரி மிஞ்சியதைக் காலையில் சாப்பிட்டு, காலையில் மிஞ்சியதை மாடு வைத்திருக்கும் வீட்டுக்குக் கொடுத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு வியட்நாம்காரம்மா விருந்துக்கு அழைத்திருந்தார்களாம்.

"அம்மா, மேஜை மேலே பேப்பரை விரிச்சு, பெரிய அண்டாவிலேருந்து அப்படியே கொட்டிட்டாங்கம்மா! இறால், நண்டு, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எல்லாம் ஒண்ணா அவிச்சது. தட்டு கிடையாது, ஸ்பூன் கிடையாது. எல்லாரும் சுத்தி நின்னு கையாலேயே சாப்பிட்டோம். உன்னை நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

அமெரிக்காவில் கையால் சாப்பிடுகிற விருந்தா என்று எனக்கு ஆச்சரியம். அவளைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது அந்த நாட்டின் தென்பகுதிச் சமையலாம். தென் கரோலினா கடற்கரையில் இறாலும் சோளமும் கிழங்கும் போட்டு அவிப்பார்கள். லூசியானாவில் 'கிராஃபிஷ்' என்று, இறாலுக்கும் நண்டுக்கும் நடுவில் பிறந்த மாதிரி ஒரு ஜந்துவை மூட்டை மூட்டையாக அவிப்பார்கள். 1755-லிருந்து கனடாப் பக்கத்தில் ஆங்கிலேயர்களால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பிரெஞ்சு பேசும் ஜனங்களில் பலர் லூசியானாவில் குடியேறினார்கள். அவர்கள் வம்சத்தார் அந்தச் சமையலுக்குப் பேர் போனவர்கள். 1975-ல் வியட்நாம் யுத்தம் முடிந்ததும் அகதிகளாக வந்தவர்களில் நிறையப் பேர் அந்தக் கடற்கரையில் இறால் பிடிக்கும் தொழிலில் இறங்கினார்கள். பூண்டையும் வெண்ணெயையும் தாராளமாகச் சேர்த்து, அதே பண்டத்துக்குப் புது ருசி கொண்டுவந்தவர்கள் ஹூஸ்டன் வியட்நாம்காரர்கள்தான். ஊரை விட்டு வந்தவர்கள் கைப்பட்ட சமையல் என்று கேட்டதும் எனக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. என் பெண்ணும் ஊரை விட்டுப் போனவள்தானே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிட முடிவு செய்தேன். அவள் அங்கே சாப்பிட்டதை நானும் இங்கே சாப்பிட்டால், கூட உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்குமே என்ற ஆசை.

மீன்காரக்காவிடம் ஒரு கிலோ இறாலும் அரைக் கிலோ நண்டும் வாங்கினேன். "வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்களா கண்ணு?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். பெரிய குண்டானில் தண்ணீர் வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அவித்தேன். என்ன ஆகும்? கிழங்கு வேகக் காத்திருந்ததில் இறால் ரப்பராகிவிட்டது. இவர் பாவம், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நிறைய நேரம் மென்றார். முக்கால் பாகத்துக்கு மேல் மிஞ்சிவிட்டது.

இங்கேதான் நான் செய்தது பெரிய தப்பு. பங்குனி மாத வெயில். மிஞ்சியதைச் சாயங்காலம் வரை அடுப்பு மேலேயே வைத்திருந்துவிட்டு, அப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். ராத்திரி வெகுநேரம் கரண்ட் இல்லை. காலையில் எடுத்துப் பார்த்தேன். வாசனை மாறவில்லை. 'ஆயிரம் ரூபாய்ச் சரக்கு, கொட்டுவதா?' என்று கொதிக்க வைத்து, மத்தியானம் இவருக்குப் போட்டேன். நான் மோர் சாதம் சாப்பிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இவருக்கு வாந்தி ஆரம்பித்தது. பிறகு வயிற்றுப்போக்கு. நடுராத்திரியில் கைகால் ஜில்லிட்டு, நாக்கு வறண்டு, எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது.

டாக்டரம்மா நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "சுட வெச்சா சரியாயிடும்னு நெனச்சீங்களா? கிருமி செத்தாலும், சில கிருமிங்க விட்ட விஷம் கொதிக்க வெச்சாலும் போகாதும்மா. நாத்தம் வரலைங்கறதை வெச்சும் நம்பக் கூடாது" என்றார். பிறகு எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "வீட்டுல ரெண்டே பேர்தானே? எதுக்கும்மா ஒன்றரைக் கிலோ?"

எனக்குப் பதில் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. யாருக்காக வாங்கினேன்? வராதவர்களுக்காகத்தான். குண்டானில் சின்னதாக வைத்தால், 'பிள்ளைகள் போய்விட்டார்கள், வீடு காலி' என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம். அந்தப் பயத்தை நாள்தோறும் சமைத்து இவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இருக்கிற ஒருவரையும் அதனால் இழந்திருப்பேனே என்று நினைத்தபோது உடம்பு நடுங்கியது.

வீட்டுக்கு வந்த முதல் வேலையாகப் பெரிய குண்டானைப் பரணில் ஏற்றினேன். இரண்டு மாதம் கழித்து இவரே, "அந்த அமெரிக்கச் சமையலை இன்னொரு தரம் செய்யேன், கொஞ்சமா" என்றார். பயந்துகொண்டேதான் செய்தேன். இந்த முறை சரியாக வந்தது. பக்குவத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்கு ஓட்டோடு உள்ள நடுத்தர இறால் கால் கிலோ, நண்டு ஒன்று, சின்ன உருளைக்கிழங்கு நாலு, இளசான மக்காச்சோளம் ஒன்று, முட்டை இரண்டு போதும். அங்கே சாசேஜ் போடுவார்களாம். நான் அதற்குப் பதில்தான் முட்டை போட்டேன். இறால் தலை கறுத்துத் தொங்கினாலோ, ஓடு கொழகொழத்தாலோ, மூக்கில் ஏறுகிற நெடி வந்தாலோ வாங்காதீர்கள். நண்டு கனமாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் நண்டை விட்டுவிடுங்கள், இறாலே போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது வரத்து குறைவு, விலை அதிகம், அவசரப்பட வேண்டாம். இறாலின் முதுகைக் கத்திரியால் கீறிக் குடலை எடுத்துவிட்டு, ஓட்டை அப்படியே விட்டுவிடுங்கள். ருசி ஓட்டில்தான் இருக்கிறது.

அங்கே கடையில் மசாலாவைச் சின்ன மூட்டையாகவே விற்கிறார்களாம். உள்ளே என்ன தெரியுமா? கடுகு, தனியா, மிளகாய், பிரிஞ்சி இலை போன்றவைதான்! எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிச் சரக்கு. ஒரு ஸ்பூன் கடுகு, இரண்டு ஸ்பூன் தனியா, ஒரு ஸ்பூன் மிளகு, ஆறு காய்ந்த மிளகாய், மூன்று கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை. இவற்றை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி கல் உப்பு, மசாலா மூட்டை, குறுக்கே வெட்டிய முழுப் பூண்டு ஒன்று, ஒரு வெங்காயம் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். தண்ணீரை வடித்துவிடுவதால் உப்பு கூடத்தான் வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் பாதி போதும். இனிமேல்தான் வரிசை முக்கியம். முதலில் கிழங்கும் கழுவிய முட்டையும், பன்னிரண்டு நிமிஷம். பிறகு நண்டும், நாலாக நறுக்கிய சோளமும், எட்டு நிமிஷம். கிழங்கில் கத்தி சுலபமாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக இறால், மூன்று நிமிஷம்தான். இறால் சிவந்து அரை வட்டமாக வளைந்ததும் அடுப்பை அணைத்து வடித்துவிடுங்கள். முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர் என்று அர்த்தம்!

இன்னொரு வாணலியில் இரண்டு மேஜைக்கரண்டி வெண்ணெய் உருக்கி, தட்டிய பூண்டு எட்டுப் பல், அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் மிளகுத்தூள் போட்டு, பூண்டு சிவக்குமுன் இறக்கி, ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். முட்டையை உரித்துவிட்டு, வடித்ததை எல்லாம் இதில் புரட்டினால் ஆயிற்று. அவித்த தண்ணீரைப் பார்த்ததும் 'ரசம் வைக்கலாமே' என்று கை பரபரக்கும். வேண்டாம், ஒரே உப்பு!

அங்கே பேப்பர் விரிக்கிறார்களே என்று நாமும் விரிக்கக் கூடாது. அச்சு மை உடம்புக்குக் கெடுதல் என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. நமக்குத்தான் வாழையிலை இருக்கிறதே!

சின்னக் குழந்தைகள் உள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இறாலும் நண்டும் சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் தடவை கொடுக்கும்போது ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக் கவனியுங்கள். உதடு வீங்கினாலோ, உடம்பு தடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிதான், கை வைத்தியம் கூடாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதே சட்டியில் வெந்த கிழங்கையும் சோளத்தையும்கூடக் கொடுக்கக் கூடாது, ஒரே தண்ணீரில் வெந்தது அல்லவா? சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நம் கோடையில் ஒரு மணி நேரமே அதிகம். வாந்தி, பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க ஆரம்பித்துவிடுங்கள். பாக்கெட் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அப்புறம் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

அன்று இலையை விரித்து நடுவில் கொட்டி, எதிரும் புதிருமாகத் தரையில் உட்கார்ந்தோம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே இலையில் சாப்பிட்டது அதுதான் முதல் தரம். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு நான் உட்காரும்போது இவர் கடைக்குக் கிளம்பியிருப்பார். இவர் இறாலை உரித்து என் பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். அப்போது பெண் கூப்பிட்டாள். போனை இலைக்கு நேரே காட்டினேன்.

"ஐயோ, இவ்வளவுதானாம்மா?" என்றாள்.

"இவ்வளவு போதும் கண்ணு, உங்கப்பாவுக்கும் எனக்கும்" என்றேன். சொன்னபோது தொண்டை அடைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்தபோது இலையில் ஓட்டைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. வரும் பொங்கலுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். பையனும் வருவான். பெரிய குண்டான் பரணில் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கு இறக்கிக்கொள்ளலாம்.