53 மூட்டைக்கு ஒரு டிக்கெட்

மகள் மெல்போர்னில் இருக்கிறாள். சென்ற ஆண்டு (2025) பொங்கல் முடிந்த வாரம் போனில் சொன்னாள், ஜூன் கடைசி வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று. தலைப்பிரசவம். "டிக்கெட்டை நாங்களே போட்டுடுறோம்பா, நீங்க ரெண்டு பேரும் வந்தா போதும்" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டுச் செலவு. இங்கே அழைத்துவர முடியவில்லை, நாம்தான் போகிறோம், அதற்கும் மாப்பிள்ளை காசு என்றால் எனக்குத் தூக்கம் வராது. என் மனைவி, "உங்க வீம்பை எல்லாம் ஏர்லைன்ஸ்காரன்கிட்ட காட்டுங்க" என்றாள். காட்டித்தான் பார்த்தேன்.

பிப்ரவரியில் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டிருந்தோம். ஆறு மா நிலம், 108 மூட்டை. 40 கிலோ மூட்டை. சன்ன ரகத்துக்கு அந்தப் பருவம் குவிண்டால் 2,450 ரூபாய், அதாவது மூட்டைக்கு 980. பணம் வங்கியில் ஏறியதிலிருந்து எந்தச் செலவையும் மூட்டைக் கணக்கில் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக மெல்போர்ன் போய்வர, மே மாத நடுவில் கிளம்புவதாக வைத்துப் பார்த்தால் ஆளுக்கு 49,000. சரியாக ஐம்பது மூட்டை. இரண்டு பேருக்கு நூறு. உழவு, நடவு, அறுப்புக் கூலியெல்லாம் யார் கொடுப்பது என்ற கேள்வியை அப்போதைக்குத் தள்ளி வைத்தேன்.

அன்றே போட்டிருக்கலாம். ஆனால் விசா வரவில்லை. விசா கைக்கு வருமுன் டிக்கெட் எடுக்காதீர்கள் என்று ஆஸ்திரேலிய அரசே சொல்கிறது. சீக்கிரம் எடுத்தால்தான் மலிவு என்று ஊரே சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான். விசா ஏப்ரல் மூன்றாவது வாரம் வந்தது. அன்று மாலை பார்த்தால் அதே மே நடுவாரம் 61,000. பன்னிரண்டு மூட்டைக்கு மேல் ஏறியிருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு அரசு பஸ்ஸில் காலையில் போனாலும் ராத்திரி போனாலும் ஒரே டிக்கெட். பக்கத்து சீட்டுக்காரர் நம்மைவிடப் பாதி காசு கொடுத்து உட்கார்ந்திருப்பார் என்பதை நம் வயசுக்காரர்களால் ஜீரணிக்க முடிவதில்லை. தீபாவளிக்கு ஆம்னி பஸ்காரர்கள் செய்வதைத்தான் இவர்கள் வருஷம் முழுக்கச் செய்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் குறையும் என்றார் ஒரு நண்பர். நடுராத்திரி பார்க்கச் சொன்னார் இன்னொருவர். வேறு போனில் பாருங்கள், நீங்கள் தேடுவது அவர்களுக்குத் தெரிந்து விலையை ஏற்றுகிறார்கள் என்றார் மூன்றாமவர். எல்லாம் செய்தேன். கண் எரிச்சல்தான் மிச்சம்.

ஒரு நாள் இரவு 43,000-க்கு ஒன்று கிடைத்தது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து மெல்போர்ன். கையெல்லாம் நடுங்கியது. நல்லவேளை, கார்டு நம்பர் போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் பையனிடம் காட்டினேன். பார்த்தவுடன், "சார், இது ஒரு டிக்கெட் இல்ல, ரெண்டு டிக்கெட். ரெண்டு கம்பெனி. அந்த வெப்சைட் ஒட்டவெச்சுக் காட்டுது" என்றான்.

அவன் விளக்கியதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் திருச்சியில் போட்ட பெட்டியை மெல்போர்னில் எடுத்துக்கொள்ளலாம். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் இறங்கி, அந்த நாட்டு இமிகிரேஷன் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். கோலாலம்பூரில் இரண்டு டெர்மினல்; ஒன்றிலிருந்து மற்றதற்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போக வேண்டும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து நம்மிடம் விசா கேட்பதில்லை, ஆனாலும் இறங்குமுன் ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இதே கதை சிங்கப்பூரில் என்றால், வெளியே வர அங்குள்ள விசா விதியையும் பார்க்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான்.

முழங்கால் வலியோடு என் மனைவி அங்கே பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அந்த 43,000-ஐ விட்டேன்.

என் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். கப்பல் கரைக்கு வராது. படகில் போய், ஆடுகிற ஏணியில் ஏற வேண்டும். கடலில் ஒரு வாரம், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்கை. ஆனால் ஏறினால் இறங்குகிற வரை அது ஒரே கப்பல் என்று அன்று தோன்றியது.

அந்தப் பையன் இன்னொன்றும் சொன்னான். "மே மாசம் நம்ம ஊர் ஸ்கூல் லீவு சார், எல்லாரும் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு சிங்கப்பூர் போவாங்க. ஜூன் ரெண்டாம் தேதி ஸ்கூல் திறக்குது. அப்ப எல்லாரும் திரும்பி வருவாங்க. சிங்கப்பூர்ல ஜூன் மாசம் முழுக்க லீவு, அங்க உள்ளவங்களும் அந்த சமயம் இங்கதான் வருவாங்க. எல்லாரும் வர்றப்ப நீங்க போங்க." அறுவடையில் எல்லாரும் ஒன்றாக விற்றால் விலை விழும் என்பது நமக்குத் தெரியும். எல்லாரும் ஒன்றாக வாங்கினால் ஏறும் என்பதும் அதே கணக்குதானே. இது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை.

ஜூன் 5 போட்டுப் பார்த்தான். இரண்டு பேருக்கு, ஆளுக்கு 59,000. உதட்டைப் பிதுக்கினேன். "இருங்க" என்று ஒருவருக்கு மட்டும் தேடினான். 52,000. எனக்குப் புரியவில்லை. ஒரே வகுப்பு சீட்டுகளையே பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்களாம். கீழ்ப்படியில் ஒரே சீட் மிச்சம் இருந்து, நாம் இரண்டு கேட்டால், இரண்டையும் மேல்படி விலையில் காட்டும். தனித்தனியாகத் தேடினால்தான் அந்த ஒரு சீட் கண்ணில் படும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு மாதம் நான் இரண்டு, இரண்டு என்றே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒன்று 52,000, இன்னொன்று 59,000, மொத்தம் 1,11,000. எங்கள் 108 மூட்டையையும் விற்ற பணம் 1,05,840.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "நான் மட்டும் போறேங்க. நீங்க வந்து அங்க என்ன செய்யப்போறீங்க? ஜூன் பன்னண்டு மேட்டூர் திறந்தா குறுவை யார் பாக்குறது?" என்றாள். கும்பகோணத்துக்குக்கூடத் தனியாகப் போகாதவள். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வெட்கம்.

அப்போதும் என் புத்தி விடவில்லை. ஜூன் 12-இல் 47,000 என்று பார்த்து வைத்திருந்தேன். "தேதி கடைசி வாரம்தானே, ஒரு வாரம் தள்ளிப் போனா அஞ்சு மூட்டை மிச்சம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "தலைப்பிரசவம் காலண்டர் பாத்தா வரும்?" என்று மட்டும் கேட்டாள். ஜூன் 5 போட்டோம். 53 மூட்டை.

டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். காசு கிடையாது. தள்ளிக்கொண்டு போகிறவர் செக்-இன், இமிகிரேஷன், அடுத்த கேட் எல்லாம் அவரே கொண்டுபோய்ச் சேர்க்கிறார். பாஷை தெரியாதவர்களுக்கு அது கால்வலிக்கு மட்டுமான உதவியில்லை. மலிவு விமானங்களில் பெட்டி எடைக்குத் தனிக் காசு; அதையும் டிக்கெட்டோடு சேர்த்து எடுத்தால் குறைவு. பிரசவ லேகியம், சுண்டைக்காய் வற்றல், பருப்புப் பொடி எல்லாவற்றையும் பட்டியல் எழுதி, ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும் என்று மகள் பத்து முறை சொன்னாள். மறைத்தால் அபராதம். சென்னை போய் ஏறினால் நாலாயிரம் குறைகிறது என்றும் பார்த்தேன். ரயில், டாக்சி, ஒரு வேளை லாட்ஜ் என்று கூட்டினால் அது அப்படியே கரைந்தது. திருச்சி நமக்கு ஒரு மணி நேரம்.

திருச்சி புதிய டெர்மினல் வாசலில், வீல்சேரில் உட்கார்ந்தபடி அவள் கையைக்கூட ஆட்டவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மறுநாள் மெல்போர்னிலிருந்து பேசினாள். சிங்கப்பூரில் தள்ளிய பெண் தமிழச்சியாம், பேராவூரணிப் பக்கமாம். முழுக் குடும்பக் கதையும் கேட்டு வைத்திருக்கிறாள்.

ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். 13-ஆம் தேதி விடிகாலை போன் வந்தது. பத்து நாளுக்கும் மேல் முந்திப் பேத்தி பிறந்துவிட்டாள். நான் மிச்சம் பிடிக்கப் பார்த்த அந்த டிக்கெட்டை எடுத்திருந்தால், அந்நேரம் அவள் சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்திருப்பாள். அவள் இதைச் சொல்லிக் காட்டவில்லை. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. குளிருதுங்க" என்றாள். பிறகு, "தண்ணி எப்ப வரும்?" என்றாள். 15-ஆம் தேதி கல்லணை திறந்தார்கள் என்று அப்புறம் சொன்னேன்.

திரும்பும் டிக்கெட் செப்டம்பர் நடுவில் போட்டிருந்தோம். ஆகஸ்டில் மகள் மெதுவாக ஆரம்பித்தாள், இன்னும் ஒரு மாதம் அம்மா இருக்கட்டுமே என்று. டிராவல்ஸ் பையனைக் கேட்டேன். மாற்றலாம் சார், மாற்றும் கட்டணமும் அன்றைய விலை வித்தியாசமும் சேர்த்துக் கட்டணும், தீபாவளி வேற வருது என்றான். தொகையைக் கேட்டு வீட்டுக்கு வந்து போன் செய்தேன். மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டே, "அது எத்தனை மூட்டை?" என்றாள்.