நிழல் இல்லாத மத்தியானம்

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ராக்கெட்டப் பத்தி எனக்கென்னம்மா தெரியும்?"

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் தேசிய கோளரங்கத்துக்குப் போகலாம் என்றதும் அம்மா சொன்ன பதில் இது. முழங்கால் வலி ஒரு காரணம். காப்பார் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பால்மரம் வெட்டப் போனவர் என்பது இன்னொரு காரணம். ஆனால் என் மகள் கயல் விடவில்லை. "பாட்டி வரலன்னா நானும் வரல." பேத்தி சொன்னால் அப்பீல் கிடையாது.

எனக்கும் உள்ளுக்குள் ஓர் அவசரம் இருந்தது. கயல் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒளிச்சேர்க்கை, ஈர்ப்பு விசை, கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி எல்லாமே அவளுக்குத் தமிழில்தான் தெரியும். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் இவையெல்லாம் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாறிவிடும். அது நல்லதுதான், அவள் படித்து முன்னேற வேண்டும். ஆனால் பாட்டியும் பேத்தியும் ஒரே மொழியில் அறிவியல் பேசிக்கொள்ள இன்னும் ஒன்றேகால் ஆண்டுதான் மிச்சம். அந்தக் கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

மலேசிய தினத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையிலேயே கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ஏறினோம். அம்மா வழக்கம்போல ஒரு பெரிய கறுப்புக் குடையும் ஒரு டப்பா முறுக்கும் எடுத்துக்கொண்டார். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, ஏற்றம் ஏறாமல் இருக்க ஒரு காரைப் பிடித்தோம்.

குடை சொன்ன பாடம்

ஏரிப் பூங்கா அருகே குன்றின்மேல் நீலக் குவிமாடத்துடன் நிற்கிறது தேசிய கோளரங்கம். 1994 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. இதை உருவாக்குவதில் முன்னின்றவர் மஸ்லான் ஒத்மான் என்ற வானியற்பியலாளர். பின்னாளில் ஐக்கிய நாடுகள் சபையின் விண்வெளி விவகார அலுவலகத்துக்கே தலைமை தாங்கினார். "பொம்பளையா?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். கயலைத் திரும்பிப் பார்த்தார், வேறெதுவும் சொல்லவில்லை.

உள்ளே பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. கயல் படித்துத் தமிழில் சொல்ல, அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். 2007 அக்டோபர் 10-ஆம் நாள் விண்வெளிக்குப் போன டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோரின் கதை அவருக்கும் தெரிந்திருந்தது. "அன்னைக்குத் தொலைக்காட்சி முன்னாடிதான உக்காந்திருந்தோம்!" குவிமாட அரங்கில் விளக்கணைந்து நட்சத்திரங்கள் தோன்றியபோது, எங்களுக்கு முன்னால் அவரே விரலை நீட்டினார். "அந்தச் சின்னக் கொத்து கார்த்திகை. லயத்துல கரண்டு இல்லாத காலத்துல தெனமும் பாப்போம்."

ஆனால் அன்றைய பெரிய பாடம் குவிமாடத்துக்கு வெளியே நடந்தது. அங்கே தோட்டத்தில் பழங்கால வானாய்வகங்களின் சிறு மாதிரிகளை வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கிறது, இந்தியாவின் ஜந்தர் மந்தரும் இருக்கிறது. நிழலைக் கொண்டு நேரம் பார்ப்பதைக் கயல் பள்ளியில் படித்திருக்கிறாள். சரியாக 12 மணிக்கு, பாட்டியின் குடையை மடக்கிச் செங்குத்தாகப் பிடித்தாள்.

"அம்மா, மத்தியானம் 12 மணிக்கு நிழல் ரொம்பச் சின்னதா இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க. இங்க இவ்ளோ நீளமா இருக்கே!"

உண்மைதான். குடையின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிழல் மேற்கே சாய்ந்து கிடந்தது. கைப்பேசியைத் தேடினேன். அதற்குள் அம்மா சொன்னார்: "கடிகாரந்தான் முன்னால ஓடுதும்மா, சூரியன் இல்ல. அந்த வருசம் அரை மணி நேரத்தத் தூக்கிட்டாங்கள்ல?"

எனக்கு உறைக்கச் சில நொடிகள் ஆயின. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குத் தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரங்களை அரை மணி முன்னுக்குத் தள்ளினார்கள். நாட்டின் இரு பகுதிகளும் ஒரே நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று, சபா, சரவாக்கின் நேரத்துக்கு நாமும் மாறினோம். 1982 புத்தாண்டு அரை மணி முன்பாகவே பிறந்தது. "அதுக்கப்புறம் பெரட்டுக்குப் போறப்ப இன்னும் இருட்டா இருக்கும். ஒரு வாரம் எல்லாரும் திட்டிக்கிட்டே போனோம்" என்றார் அம்மா. பெரட்டு என்பது விடிகாலையில் தோட்டத்தில் ஆள் கணக்கு எடுக்கும் இடம்.

பிறகு மூவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. கோலாலம்பூர் இருப்பதோ 101.7 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். 18.3 பாகைக்கு 73 நிமிடம். ஆக, சூரியன் உச்சிக்கு வர ஒரு மணிக்கு மேலாகும். பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் நாளுக்கு நாள் சில நிமிடங்கள் கூடும், குறையும். அன்று 1.09-க்கு உச்சி. சென்னையில் இதே நாளில் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களிலேயே உச்சி வந்துவிடும்.

முறுக்கைத் தின்றுகொண்டே காத்திருந்தோம். நிழல் சுருங்கிச் சுருங்கி, 1.09-க்குக் குடையின் காலடியில் காணாமலே போய்விட்டது. நாங்கள் போன நாள் அப்படிப்பட்ட நாள். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கே இருப்பதால், ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் 28-ஐ ஒட்டியும் செப்டம்பர் 14-ஐ ஒட்டியும், சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நிழலில்லா நாள். கயல் குடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்திலிருந்த ஒரு மலாய்க் குடும்பம் என்னவென்று கேட்டது. கயல் மலாயில் விளக்கினாள். அவர்கள் பிள்ளை தண்ணீர்ப் புட்டியை நிறுத்திப் பார்த்தான். ஐந்து நிமிடத்தில் எங்களைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது.

வெள்ளைச் சோறா, புழுங்கலா?

பசி. பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இறங்கினோம். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர, அத்தாப்புக் குடிசைகளை அழித்த பிறகு, நகரைச் செங்கல்லில் கட்ட உத்தரவிட்டார்கள். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம் இது. பிறகு ரயில்வே தொழிலாளர்களோடு தமிழர்கள் வந்தார்கள். இன்று துன் சம்பந்தன் சாலையில் பூமாலை வாசம் இல்லாமல் நடக்க முடியாது.

வாழையிலை போட்டதும், பரிமாறுபவர் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "வெள்ளைச் சோறா, புழுங்கலா?"

"புழுங்கல்" என்றார் அம்மா. கயல் "வெள்ளை" என்றாள். பாட்டி முறைத்தார். "புழுங்கல்தான் கண்ணு ஒடம்புக்கு நல்லது."

"ஏன் பாட்டி?"

அம்மாவிடம் பதில் இல்லை. அவருடைய அம்மா சொன்னார், அவ்வளவுதான். இந்த முறை பதில் என்னிடம் இருந்தது. அது நாங்கள் உட்கார்ந்திருந்த இதே ஊரில் நடந்த கதை.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களுக்கு அதிகமாக வந்தது. தோட்டத் தமிழர்களுக்கு அபூர்வமாகத்தான் வந்தது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராட்டன் என்பவர் இரு தரப்பின் சோற்றையும் பார்த்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளையரிசி சாப்பிட்டார்கள். தமிழர்கள் புழுங்கலரிசி சாப்பிட்டார்கள்.

கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் இதை நம்பவில்லை. சோதித்துப் பார்த்துவிட முடிவு செய்தார். 1905 இறுதியில், இங்கிருந்த மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்ணுக்கு ஒரு கட்டடம், வெள்ளையரிசி. இரட்டைப்படைக்கு எதிர்க் கட்டடம், புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. இடம்தான் காரணமோ என்று பார்க்க, நடுவில் இரு தரப்பையும் கட்டடம் மாற்றினார். ஓராண்டு முடிவில், வெள்ளையரிசி சாப்பிட்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் 2 பேருக்குத்தான் நோய். அந்த இருவரும் வரும்போதே அதோடு வந்தவர்கள்.

"பதினெட்டுப் பேர் செத்தாங்களா? அவங்ககிட்ட கேட்டாங்களா?" என்றாள் கயல். இன்றைய விதிகளில் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதியே கிடைக்காது என்றேன். கொஞ்ச நேரம் மூவரும் பேசவில்லை.

1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் இதைத் தொடர்ந்தார்கள். சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, வெள்ளையரிசி போன பக்கமெல்லாம் நோயும் போனது. காரணம் அரிசியில் சேர்ந்த நஞ்சு என்று பிராட்டன் நினைத்தார். அது தவறு. வெள்ளையரிசியில் இருந்தது நஞ்சு அல்ல, ஒரு குறை. நெல்லைத் தீட்டும்போது தவிட்டோடும் முளையோடும் தயமின் என்ற பி1 வைட்டமின் போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். தயமினைத் தனியே பிரித்தெடுத்தது 1926-இல்தான். 'வைட்டமின்' என்ற சொல்லே பிளெட்சரின் சோதனைக்குப் பிறகுதான் பிறந்தது.

அம்மா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் தெரியாமலேதான் எங்கம்மா நெல்லு அவிச்சாங்க" என்றார். கயல் அவர் இலையிலிருந்து ஒரு பிடி புழுங்கல் சோற்றை எடுத்துக்கொண்டாள்.

கால்வாய்க்கு எண்ணெய்

திரும்பும் கொமுட்டரில் கிள்ளான் நெருங்கியபோது, ஒரு கால்வாயைப் பார்த்து அம்மா பழைய நினைப்புக்குப் போனார். சின்ன வயதில் வாரம் ஒருமுறை ஓர் ஆள் முதுகில் டின்னோடு வந்து தோட்டத்துக் கால்வாய்களில் எண்ணெய் அடிப்பாராம். "தண்ணிக்கு எதுக்கு எண்ணெய்னு கேட்டா, போ போன்னு வெரட்டுவாரு. இன்னைக்கு வரைக்கும் தெரியல."

கயல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும் பாட்டி! கொசுப் புழு தண்ணிக்கு மேல வந்துதான் மூச்சு விடும். எண்ணெய் மேல படிஞ்சா மூச்சு விட முடியாம செத்துடும்."

அறுபது ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த கேள்விக்குப் பேத்தி பதில் சொல்லிவிட்டாள். மிச்சத்தை நான் சேர்த்தேன். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், மலேரியா ஊரையே சாய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதே ஆண்டு திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தை, சில மாதங்களிலேயே மலேரியாவால் மூட வேண்டிவந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டுபிடித்து நான்கைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்தார், காட்டை வெட்டினார். நோய் இறங்கியது. பிறகு தோட்டங்களுக்குப் போனார். ஆனால் மலைச்சரிவுகளில் காட்டை வெட்டியதும் மலேரியா கூடியது! கரையோரக் கொசு நிழல் படிந்த சதுப்பில் முட்டையிடும். மலைப்பக்கத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும். ஓர் இடத்து மருந்து இன்னோர் இடத்தில் நஞ்சானது. அங்கேதான் நிலத்தடிக் குழாய்களும், அம்மா பார்த்த அந்த எண்ணெயும் வந்தன.

இந்தப் பள்ளத்தாக்கில் அறிவியல் பார்க்க இடங்களுக்குக் குறைவில்லை. புக்கிட் கியாராவில் 1996-இல் திறந்த தேசிய அறிவியல் மையம், இரட்டைக் கோபுரத்தில் 1999-இல் திறந்த பெட்ரோசைன்ஸ் இரண்டும் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துக் கற்கும் இடங்கள். 'அஸ்தி' என்று அழைக்கப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காகவே பல ஆண்டுகளாக அறிவியல் விழா நடத்திவருகிறது. பிள்ளைகளை அங்கெல்லாம் கட்டாயம் கூட்டிப் போங்கள். போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள், துணைக்காக இல்லை. அன்று பாட்டி வராமல் இருந்திருந்தால் 12 மணி நிழலுக்கு எங்களிடம் பதில் இருந்திருக்காது. கயல் வராமல் இருந்திருந்தால் எண்ணெய்க்குப் பதில் கிடைத்திருக்காது.

கிள்ளானில் இறங்கி, தெங்கு கிளானா சாலையில் ஐந்து கிலோ புழுங்கலரிசி வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் கயல் நேராகச் சமையலறை நாள்காட்டியிடம் போனாள். மார்ச் மாதத்துக்கு அதில் தாள் இல்லை. அதனால் அரிசிப் பையின் மீதே பேனாவால் எழுதினாள்: 'மார்ச் 28, மதியம் 1.15, பாட்டி குடை.'

அம்மா அதைப் படித்துவிட்டு, குடையை வழக்கமான மூலையில் வைக்காமல் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.